மருந்தடித்த மல்லி

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் குண்டுமல்லி வளர்க்கிறேன். பக்கத்து வீட்டு செல்வி தினமும் கேட்காமலே பறித்துக்கொள்வார். நைட் ஷிஃப்ட் அலுப்பில் எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பிருக்காது.

அன்று காலை மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்தேன். அவரிடம் சொல்லத் தோன்றியது. எரிச்சலில் சொல்லாமலே படுத்துவிட்டேன்.

மதியம் அவர் கணவர் கதவைத் தட்டினார். "செல்வி வாந்தி எடுத்துக்கினே இருக்குதுங்க. பூ கட்டிக்கினு இருந்துச்சு, நாரைப் பல்லால கிழிச்சுது, அவ்ளோதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடவே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் படுக்கையில் செல்வி சொன்னார்: "உங்களுக்கும் ஒரு முழம் கட்டலாம்னு பார்த்தேங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நீங்க எங்க கட்டப்போறீங்க?"

இப்போது எவ்வளவு அலுப்பிருந்தாலும், எவ்வளவு கோபமிருந்தாலும், அவர் கதவைத் தட்டிச் சொன்ன பிறகே மருந்து பாட்டிலைத் திறக்கிறேன்.