பாதி பாதியாகக் கொடுத்த பொடி

என் மகன்கள் இருவருக்கும் என் வழியாக வந்த பரம்பரைத் தசை நோய். பெரியவனால் நடக்க முடியாது. சின்னவன் தடுமாறி நடக்கிறான். அமினோ அமிலப் பொடி ஒன்று இந்த நோய்க்கு உதவுமா என்று சேலத்தில் ஆராய்ச்சி செய்கிறார்கள். நடக்கும் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்களாம். சின்னவனுக்குத் தினம் ஒரு பொட்டலம் கொடுக்கச் சொன்னார்கள்.

கொல்லிமலைக்குத் திரும்பியதும் பெரியவன் கேட்டான்: "நடக்கறவனுக்குத்தான் மருந்தா? எனக்கு இல்லியாம்மா?"

அவனுக்கும் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சம். எங்கள் வீட்டில் ஒரு பலாச்சுளை என்றாலும் இரண்டாகப் பிய்த்துத்தான் கொடுப்பேன். பொடியையும் அப்படியே பங்கிட்டேன்.

மூன்றாம் வாரம் பெரியவன் வாந்தியெடுத்தான். பயந்துபோய் ஆராய்ச்சி நர்ஸுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"ஏனுங்கக்கா, அவன் நெஞ்சுக்கு வேற மாத்திரை சாப்பிடறானுங்களே. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன்.

நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் கெடுதல் எதுவும் இல்லை. "இந்தப் பொடி நல்லது செய்யுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுங்கம்மா. பாதி குடுத்தா எப்பவுமே தெரியாது" என்றார் டாக்டர். சின்னவனை நீக்கிவிடுவார்களோ என்று, ஆராய்ச்சியில் தொடரலாம் எனப் போன் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் கூச்சப்படாமல் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்கிறேன். பொடி தம்பிக்கு மட்டும்தான் என்று பெரியவனிடமும் உள்ளதைச் சொன்னேன். இரண்டு நாள் நான் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள், "பொட்டலத்த இங்க கொண்டாம்மா" என்றான். அன்றிலிருந்து தம்பிக்குப் பொடியைத் தண்ணீரில் அவன்தான் கலக்குகிறான். தம்பி குடித்ததும் டம்ளரை வாங்கிப் பார்த்து, "அடியில நிக்குது பாரு, தண்ணி ஊத்தி அதையும் குடிடா" என்கிறான்.