பரோட்டாக் கடையில் ஒரு நிபுணர்

இன்று காலை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு பரோட்டாக் கடை. டிவியில் காற்பந்தாட்டம். ஓர் ஆட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

பக்கத்து மேசை அண்ணன் உடனே தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணுமில்ல லா, நடிக்கிறான்!"

பள்ளிக் குழுவில் ஆடி இதேபோல் விழுந்தபோது என்னையும் இப்படித்தான் சொன்னார்கள். ரோஷப்பட்டு எழுந்து ஓடினேன். அன்று கிழிந்த தசைநார் இன்றும் படியேறினால் வலிக்கிறது.

"ஸ்கேன் எடுத்துப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய கைபேசி ஒலித்தது. குரல் சட்டென்று முனகலானது.

"பாஸ், முதுகு நிமிரவே முடியல. டாக்டர் ரெண்டு நாள் எம்சி லீவு குடுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு."

கைபேசியை வைத்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு முட்டை பரோட்டா சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிவியில் அந்த ஆட்டக்காரரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள்.

நடிப்புக்கான விருதை யாருக்குக் கொடுக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.