எறும்புக் கடி என்று சொன்னவன்

பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியவன் நான். ஊசிக்குப் பயந்து, கன்னத்தில் கைவைத்தபடி நாளைக் கடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தொப்பம்பட்டிப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது என் உத்தியோகம். சாப்பிட அடம்பிடித்தால் "ஊசிக்காரர்கிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று தாய்மார் மிரட்டுவது என்னைச் சொல்லித்தான்.

கீழ்க் கடைவாயில் வலி தொடங்கி, நான்கு நாளாகத் தூக்கமில்லை. பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். மரப்பு ஊசி (அந்த இடத்தை மட்டும் உணர்வற்றுப் போகச் செய்வது) போட்டுப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர். ஊசியை வாயருகே கொண்டுவந்து, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றார்.

அது என் வாக்கியம். எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அது பொய் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் கையைத் தட்டிவிட்டேன். கண்ணாடிக் குழல் தரையில் விழுந்து உடைந்தது. காத்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் ஊரில் இல்லை என்று வீட்டில் சொன்னேன். மூன்றாம் நாள் முகம் வீங்கி, வாய் திறக்கவில்லை. எச்சில் விழுங்குவதே பெரும்பாடு. மனைவி என்னை அதே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அன்னைக்கு ஓடிப் போனவருதானே?" என்றார் அவர்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, டாக்டர் ஊர்லயே இல்லீன்னு சொன்னீங்க?"

நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சீழ்க்கட்டி (ஈறுக்குள் சீழ் தேங்கிய வீக்கம்) என்றார் டாக்டர். "இது தொண்டைக்கு இறங்குனா மூச்சு அடைச்சுரும். ஆளே மிஞ்ச மாட்டீங்க." கீறிச் சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, ஆறாம் நாள் வரச் சொன்னார்.

ஆறாம் நாள் பல்லைப் பிடுங்கப் போனபோது, என் உத்தியோகத்தையும் நான் சொல்லிவந்த பொய்யையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப உங்ககிட்ட நெசத்தைச் சொல்லிர்றேன். வலிக்கும். பத்து எண்ணுற வரைக்கும்."

மரப்பு மருந்து தோய்த்த பஞ்சை ஈறில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தார். ஊசிக் குழலை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். மருந்து குளிர்ந்திருந்தால் அதிகம் கடுக்குமாம். கன்னத்தை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே குத்தி, மருந்தை அவசரமில்லாமல் செலுத்தினார். என்னை மூக்கால் மூச்சுவிட்டு, கால் விரல்களை அசைக்கச் சொன்னார். வலித்தது. ஏழு எண்ணும்போது குறைந்துவிட்டது. பல் போனதே தெரியவில்லை.

நீங்களும் இதையெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பயமாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் மறைத்ததில் உயிரே போகப் பார்த்தது.

புண் ஆறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரு சிறுமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வலிக்குங்களா?"

"வலிக்கும் பாப்பா. பத்து எண்ணு, போயிரும்."

அவள் தாய் என்னை முறைத்தாள்.

"உங்களுக்கும் ஊசி போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அழுதீங்களா?"

ஊரே சுற்றி நின்றது. மனைவியிடம்கூட நான் ஒத்துக்கொள்ளாத விஷயம் அது.

"அழுதேன்."

அவள் கையை நீட்டினாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினாள். அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று என் தாடைக்குத் தெரியும். அவள் முடிக்கும்வரை கையை விடாமல் பிடித்திருந்தேன். அதற்கு முன் இத்தனை வருடமும், அந்தப் பத்து முடிவதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவேன்.