கறிக்கடை வரிசையில் கௌசல்யாவின் அப்பா

படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடிப்பிடித்து மறுபடி பள்ளியில் சேர்க்கச் சொல்லி, மாநிலம் முழுக்க ஆசிரியர்களுக்கு உத்தரவு.

என் மாணவி கௌசல்யா பிளஸ் ஒன் பாதியில் நின்று, அப்பா அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போகிறாள். எப்போது போனாலும் வீடு பூட்டித்தான் இருக்கும்.

இன்று ஞாயிறு. கறிக்கடை வரிசையில் அவள் அப்பா! நேராகப் போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வரிசையை விட்டு எங்கே ஓடுவார்?

"புள்ளைய எப்ப அனுப்புவீங்க?"

"அவளே படிக்க மாட்டேங்கறாளுங்க டீச்சர்..."

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சருக்குப் பதிலச் சொல்லுங்கண்ணா. அப்பறந்தான் கறி."

பின்னால் நின்றவர்கள், "சட்டுனு சொல்லுங்க, நேரமாகுது" என்று சத்தம் போட்டார்கள்.

"நாளைக்கே கூட்டிட்டு வாரனுங்க!"

அடுத்தது என் முறை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று அரைக்கிலோ வாங்கிவிட்டேன்.

நான் சைவம். யாருக்கு வேண்டும்?