பன்னிரண்டு காலத்திலும் ஒரு மனு

இங்கிலீஷில் காலம் பன்னிரண்டு என்று எட்டாம் வகுப்பு வாத்தியார் கரும்பலகையில் கட்டம் போட்ட அன்றே எனக்கு உலகம் இருண்டுவிட்டது. தமிழில் இருக்கிற மூன்றே எனக்கு அதிகம். ஒரு வாக்கியம் கொடுத்தால் அதைப் பன்னிரண்டிலும் மாற்றி எழுத வேண்டும். எது எங்கே வரும் என்று கேட்டால் முழிப்பேன்; வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் மட்டும் கிளி தோற்றுவிடும்.

அந்த வருஷம், அப்பா கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வயலை நிலத்துக்காரர் விற்றுவிட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டியில் புதுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், மனு இங்கிலீஷில் வேண்டும் என்று யாரோ சொல்ல, நைனா என்னிடம் வந்தார்.

“ரெண்டு வரி எழுதிக் குடு பாப்பா. வயல்ல வேலை செஞ்சேன், இங்க இன்னா வேலை குட்தாலும் செய்வேன்னு.”

“அவளாண்டயா? வாத்தியாராண்ட போய்யா” என்றாள் அம்மா.

“என் பொண்ணு இருக்கச் சொல்ல வாத்தியாரு எதுக்கு?”

வயலில் வேலை செய்ததை எந்தக் கட்டத்தில் போடுவது? பென்சிலைப் பாதி தின்ற பிறகும் விளங்கவில்லை. அழுகை வந்தது. கடைசியில் பரீட்சையில் செய்வதையே செய்தேன்: பன்னிரண்டையும் எழுதிவிட்டேன். ஒன்றாவது சரியாக இருக்காதா? வேலை செய்கிறேன், செய்தேன், செய்துகொண்டிருந்தேன், செய்து முடித்திருப்பேன் என்று பக்கம் நிறைந்தது. நைனா கீழே கைநாட்டு வைத்து, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் வந்து சொன்னார். ஆபீசர் படித்ததும் சிரித்தாராம். பக்கத்து அறையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினாராம். எல்லாருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீராம்.

“நீ இன்னா பண்ணே?” என்றாள் அம்மா.

“நானும் சிரிச்சேன்.”

அத்தனை பெரிய மனிதர்களைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தபால்காரர் சைக்கிளுக்குப் பின்னால் தினமும் ஓடினேன். கடிதம் வரவேயில்லை.

அடுத்த கம்பெனிக்கு மனு போடும்போது நைனா ரயிலேறிப் பொன்னேரிக்கு, டைப் அடிப்பவரிடம் கிளம்பினார். நான் நோட்டோடு வாசலில் தயாராக நின்றேன். தலையைத் தடவினார்.

“உனக்குப் படிக்கவே நெறைய கீது பாப்பா. இந்த பேஜாரு உனக்கு எதுக்கு?”

மற்ற பிள்ளைகளின் அப்பாக்களெல்லாம் வேலை ஏவுகிறார்கள், நம் நைனாவோ இருக்கிற வேலையையும் குறைக்கிறாரே என்று பெருமைப்பட்டுக்கொண்டு பாண்டி ஆட ஓடிவிட்டேன்.