விரதத்தை நான் வாங்கிக்கொண்டேன்

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டிருந்த காலம் அது. என் மனைவிக்கு நுரையீரல் இரண்டும் சுருங்கிவிட்டன. மூக்கில் குழாய் இல்லாமல் குளிக்கக்கூட முடியாது. கரண்ட் போனால் சிலிண்டர். பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் சாமி விளக்கையே வாசல் மாடத்துக்குக் கொண்டுபோய்விட்டோம்.

சென்னையில் மாற்று நுரையீரல் வைக்கிறார்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவள் ரொம்ப இளைத்திருந்தாள். எடை ஏறினால்தான் ஆபரேஷனைத் தாங்குமாம். அப்புறம்தான் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பார்களாம்.

அடுத்த மாதம் நிறுத்துப் பார்த்தால், இறங்கியிருந்தது!

"என்னம்மா, சாப்பிடுறீங்களா இல்லையா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடுறேன் சார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் முருகனுக்கு விரதம். நுரையீரல் சீக்கிரம் கிடைக்கணும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நிற்பவன், எனக்கே தெரியாது.

ஆட்டோ ஓட்டும் அவள் அண்ணன் வழியெல்லாம் திட்டினார். "ஏ கிறுக்கி, சோறு தின்னாத்தான் லிஸ்ட்ல சேப்பாங்களாம். நீ பட்டினி கெடக்க!"

"நேந்துட்டேன்ணே. சாமி காரியத்த பாதியில விடமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். "மச்சான், வண்டிய திருப்பரங்குன்றத்துக்கு விடுங்க" என்றேன்.

சிலிண்டரோடு கூட்டத்தில் இறங்க முடியாது. கோபுரம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, உட்கார்ந்தபடியே அவள் கையைச் சேர்த்துப் பிடித்துக் கும்பிட்டேன். "முருகா, இவ விரதத்த நான் வாங்கிக்கிறேன். இவ வயித்த விட்டுரு."

அவள் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்களுக்குப் பசி தாங்காதே" என்றாள். அதுதான் சம்மதம்!

மென்றாலே அவளுக்கு மூச்சு வாங்கும். குழாயைக் கழற்றாமல், சிறுகச் சிறுக உளுந்தங்களி, நெய்ச்சோறு, பனங்கற்கண்டு போட்ட பால். செவ்வாய், வெள்ளிகளில் நான் ஊட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன்.

மறுபடி எடை பார்க்கும் நாள் செவ்வாயாக வாய்த்தது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மச்சானும் எடை மெஷினை ஒட்டி நின்றார்.

"தள்ளி நில்லுங்கண்ணே. சிலிண்டரையும் சேத்து நிறுக்கவா?" என்றார் நர்ஸ்.

முள் ஆடியது. டாக்டர் கேட்ட கோட்டைத் தாண்டிப் போய் நின்றது!

"தாண்டிருச்சு! முருகா, தாண்டிருச்சு!" நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே அப்போதே சென்னைக்குப் போன் போட்டார். "பட்டியல்ல சேத்துக்கிறாங்களாம். ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடு பாருங்க. எந்த நேரமும் கூப்பிடுவாங்க."

வெளியே வந்ததும் மச்சான் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். "மாப்ள, இந்தாங்க!"

நான் கை நீட்டினேன். அவள் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அண்ணே, அவுகளுக்குக் கெடையாது. இன்னைக்குச் செவ்வாய்."

என் டம்ளரையும் வாங்கி அவளே குடித்தாள்.