அம்மா பார்த்த உப்பு

முடியை நேராக்கும் மெஷினை மகள் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டாள். கருகிய வாடைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ எச்சில் ஊறியது.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். இறகு பிடுங்கிய கோழியை நைனா வைக்கோல் தீயில் வாட்டும்போது இதே வாடைதான் வரும். அவர் காமாலையில் படுத்திருந்தபோது, பிழைத்து எழுந்தால் இனி கறி தொடுவதில்லை என்று அம்மா வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்துவிட்டார். அதிலிருந்து தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து நைனாவேதான் கோழி சமைப்பார். மஞ்சள், மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், உப்பு, அவ்வளவுதான்.

குழம்பு கொதித்ததும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குரல் கொடுப்பார்.

"இன்னாமே, உப்பு சரியா கீதா பாரு."

அம்மா கதவோரம் நின்றபடியே மோந்து பார்ப்பாள். "ரெண்டு கல்லு கம்மியா கீது."

நைனா உப்புச் சட்டியில் கைவிட்டு, வெறும் விரல்களைக் குழம்பின் மேல் உதறுவார். "இப்போ?"

"இப்பதான் சரியா கீது."

ஒருநாள் எனக்குச் சோறு போடும்போது அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "இன்னிக்கும் வெறும் வெரலத்தான ஒதறனாரு உங்க நைனா?"